பழைய எச்.எம்.டி. 5911 டிராக்டருக்கு மூடிய கேபின் போட்ட அனுபவம்

ராகி அறுத்த நிலத்தில் டிராக்டருக்குப் பின்னால் மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர் ஓடும்போது காற்று பின்னாலிருந்து அடித்தால், ஓட்டுகிறவர் கண்ணுக்குச் செம்மண் தூளைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஆனேக்கல் பக்கத்தில் என் மாமா சொந்த நிலத்துக்கும் அக்கம்பக்கத்துக்கு வாடகைக்குமாகப் பல வருஷம் இப்படித்தான் ஓட்டினார், மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு. இப்போது ராத்திரியானால் இருமல் விடுவதில்லை. வண்டியை விற்க அவருக்கு மனசில்லை. ஏசி கேபினோடு வரும் புது டிராக்டர் வாங்க வசதியும் இல்லை. அதனால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய வண்டிக்கே மூடிய கேபின் போட்டுவிடுவது என்று பேசி முடித்தோம். பொம்மசந்திராவில் எனக்கு ஒரு சின்ன ஃபேப்ரிகேஷன் பட்டறை இருக்கிறது. வேலை முழுவதும் அங்கேதான் நடந்தது.

இதைச் செய்ய நினைக்கிறவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். கேபின் மாற்றும் வேலையில் பாதிக்கு மேல் கேபினில் கிடையாது. அது உட்காரும் நாலு கால்களிலும், காலடியில் இருக்கும் தரைத்தட்டிலும்தான் இருக்கிறது. அந்த இரண்டும் சரியாக அமைந்தால் மற்றதெல்லாம் கார் வேலை மாதிரிதான். அவை சரியில்லை என்றால் எவ்வளவு நல்ல கேபின் வாங்கி வைத்தாலும் ஓட்டுகிறவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் ஓட்டுவார்.

வண்டி எச்.எம்.டி. 5911, 59 குதிரைத்திறன், நாலு சிலிண்டர். எச்.எம்.டி. என்றதும் பெங்களூரில் எல்லோருக்கும் ஜாலஹள்ளி தொழிற்சாலையும் கைக்கடிகாரமும்தான் ஞாபகம் வரும். 1953-இல் இங்கே மெஷின் டூல்ஸ் செய்ய ஆரம்பித்த அந்த நிறுவனம், டிராக்டரை மட்டும் ஹரியானாவில் உள்ள பிஞ்சோரில் செய்தது. 1971-இல் செக்கோஸ்லோவாக்கியாவின் ஜெட்டார் தொழில்நுட்பத்தோடு தொடங்கிய பிரிவு அது. 2016-இல் அதை மூட மத்திய அரசு முடிவெடுத்தது. இந்த வண்டியின் வார்ப்பு இரும்பு தடிமனானது, எதையும் தாங்கும். ஆனால் ஒரு ஹவுசிங் விரிசல் விட்டால் புதிதாக வாங்க ஷோரூம் கிடையாது. இந்த ஒரு விஷயம் வேலை முழுவதும் என் தலைக்குள் இருந்தது.

கேபின், ஹொசகோட்டே பக்கம் பழைய வண்டிகளைக் கழற்றி விற்கும் ஒரு இடத்தில் கிடைத்தது. வேறொரு கம்பெனியின் புதிய மாடல், 50 குதிரைத்திறன் வகை. இன்ஜின் பக்கம் தீப்பிடித்து வீணான வண்டி, கேபினில் முன் கண்ணாடியைத் தவிர வேறு சேதமில்லை. நான் முதலில் பார்த்தது கண்ணாடியையோ ஏசியையோ அல்ல, அந்த வண்டி எப்போதாவது கவிழ்ந்ததா என்பதைத்தான். கவிழ்ந்த கேபினை எந்த விலைக்குக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. கதவுச் சட்டத்தின் இரண்டு மூலைவிட்டங்களையும் டேப் போட்டு அளந்தேன். கூரையின் மூலைவிட்டங்களையும் அளந்தேன். வித்தியாசம் 2 மி.மீ.க்குள் இருந்தது. தூண்கள் தரையைச் சந்திக்கும் இடங்களில் பெயின்ட்டைச் சுரண்டி வெல்டிங்கைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. சங்கிலித் தராசில் தொங்கவிட்டபோது கூரை ஏசி, சீட், கதவு எல்லாம் சேர்ந்து 360 கிலோ.

பட்டறைக்கு வந்ததும் கேபினைத் தூக்கி வண்டி மேல் வைத்துப் பார்க்கத்தான் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். நான் அதைச் செய்யவில்லை. ஒரு அங்குலச் சதுரக் குழாயில் கேபினின் தரை, சீட் உயரம், முன் தூண்கள் இவற்றுக்கு மட்டும் ஒரு மாதிரிச் சட்டத்தைப் புள்ளி வெல்டிங்கில் டேக் அடித்து, அதை வண்டி மேல் வைத்து மாமாவை உட்காரச் சொன்னேன். கிளட்சை முழுக்க மிதிக்கும்போது முழங்கால் ஸ்டீயரிங்கில் தட்டுகிறதா, கியர் ராடை ரிவர்ஸுக்குத் தள்ளும்போது விரல் முட்டி எங்கே போகிறது, திரும்பி ரோட்டவேட்டரைப் பார்க்கும்போது தூண் மறைக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து சாக்பீஸால் குறித்துக்கொண்டேன். "இன்னும் ரெண்டு விரக்கட பின்னாடி தள்ளுப்பா, பிரேக் மிதிக்கும்போது முதுகு சீட்ட விட்டு வருது" என்றார். அந்த இரண்டு விரல்கடைதான் பிறகு பின்பக்கக் கால்களின் இடத்தையே முடிவு செய்தது. மாதிரிச் சட்டத்தைத் தள்ளி வைக்க இரண்டு நிமிஷம் போதும். 360 கிலோ கேபினைச் செயின் பிளாக்கில் தூக்கித் தூக்கி நகர்த்துவது வேறு கதை.

இப்போது கால்கள். டிராக்டருக்கு லாரி மாதிரி தனிச் சேஸிஸ் கிடையாது. இன்ஜின், கிளட்ச் ஹவுசிங், கியர் பாக்ஸ், பின் ஆக்ஸில் ஹவுசிங் ஆகியவற்றை வரிசையாகப் போல்ட் போட்டு இணைத்த அந்த உடம்புதான் சேஸிஸ். அதில் புதுத் துளை போடுவதோ வெல்டிங் வைப்பதோ கூடவே கூடாது. வார்ப்பு இரும்பில் வெல்டிங் சூடு பட்ட இடத்தை ஒட்டி விரிசல் ஓடும். அந்த விரிசல் வயலில் கலப்பை இழுக்கும்போதுதான் வெளியே தெரியும். அதனால் பின்பக்கம் இரண்டு கால்களுக்கும் ஆக்ஸில் ஹவுசிங்கை மேலும் கீழும் பிடிக்கும் 20 மி.மீ. தகடுகள் வெட்டி, 10.9 தர எம்16 போல்ட்டுகளால் கவ்வவைத்தேன். முன்பக்கம், பழைய ஃபுட் போர்டைத் தாங்கிய மரைத் துளைகள் கிளட்ச் ஹவுசிங்கின் இரு பக்கமும் இருந்தன. அவற்றிலேயே பிராக்கெட் உட்கார்ந்தது. ஒரு துளையில்கூட டிரில் பிட் படவில்லை.

கால்களுக்கும் கேபினுக்கும் நடுவில் வரும் ரப்பர்தான் இந்த வேலையின் உயிர். கலாசிப்பாளையத்தில் கேட்டால் லாரி இன்ஜின் மவுண்டிங் ரப்பரைக் கையில் கொடுப்பார்கள், பார்க்கப் பலமாக இருக்கும். ஆனால் கேபினுக்குத் தேவை பலம் மட்டுமல்ல, அளவான அமுக்கம். பளு ஏறியதும் ரப்பர் எத்தனை மி.மீ. அமுங்குகிறதோ, அதன் வர்க்கமூலத்தால் 15.8-ஐ வகுத்தால் அந்தக் கேபின் விநாடிக்கு எத்தனை முறை இயல்பாக ஆடும் என்று வரும். 4 மி.மீ. அமுங்கினால் சுமார் 8. 1 மி.மீ. மட்டும் அமுங்கினால் கிட்டத்தட்ட 16. அதிர்வு தடுக்கப்படுவது இந்த எண்ணின் 1.4 மடங்குக்கு மேலேதான் தொடங்கும். நாலு சிலிண்டர் இன்ஜின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிக்கிறது. வண்டி சும்மா நின்று ஓடும் 700 ஆர்.பி.எம். ஐடிலில் விநாடிக்கு 23 வெடிப்பு, 1,500-இல் 50. கெட்டியான லாரி ரப்பர் போட்டால் 16-ஐ 1.4-ஆல் பெருக்கி 22. ஐடில் அதிர்வு அதன் விளிம்பில் நிற்கிறது. வண்டி சும்மா நிற்கும்போதே கண்ணாடிகள் நடுங்கும். 4 மி.மீ. அமுங்கும் ரப்பரில் அந்த எல்லை 11-க்கு இறங்கிவிடுகிறது, ஐடிலேகூட வெகு மேலே இருக்கும்.

இதில் இன்னொரு நுணுக்கம். நாலு கால்களிலும் ஒரே பளு விழுவதில்லை. 80 கிலோ ஆளை உட்காரவைத்து முன்னும் பின்னும் தனித்தனியாகத் தூக்கி எடை பார்த்தேன். மொத்தம் 440 கிலோவில் பின்பக்க ஜோடியில் 260, முன்பக்க ஜோடியில் 180. ஒரே ரப்பரை நாலு இடத்திலும் போட்டால் பின்பக்கம் அதிகமாக அமுங்கி, குழியில் இறங்கும்போதெல்லாம் கேபின் தலையாட்டும். அதனால் பின்பக்கத்துக்குக் கொஞ்சம் கெட்டியானது, முன்பக்கத்துக்கு மிருதுவானது என்று இரண்டு விதம் தேர்ந்தெடுத்தேன். ஒவ்வொரு ரப்பரையும் பிரஸ்ஸுக்கு அடியில் வைத்து அதற்குரிய பளுவில் எவ்வளவு அமுங்குகிறது என்று டயல் கேஜில் பார்த்துத்தான் பொருத்தினேன். ரப்பர் கிழிந்தாலும் கேபின் கழன்றுவிடாதபடி நடுவில் ஓடும் போல்ட்டுக்குக் கீழே ரப்பரைவிட அகலமான தடித்த வாஷர் போட்டிருக்கிறேன். அந்த வாஷர் இல்லாமல் யாரும் கேபினை ரப்பரில் நிறுத்த வேண்டாம்.

கேபின் ரப்பரில் மிதக்கிறது என்றால், வண்டியோடு பிறந்த பெடல், கியர் ராடு, ஸ்டீயரிங் எல்லாம் கேபின் தரையைத் தொடாமல் வெளியே வர வேண்டும். புதிய வண்டிகளில் பெடல் கேபினிலேயே தொங்கும், ஆயில் குழாய் வழியாக வேலை செய்யும். இந்த 5911-இல் கிளட்ச், பிரேக் இரண்டும் ஹவுசிங்கில் ஊன்றியவை. அவற்றை மாற்ற நான் விரும்பவில்லை. பிரேக் என்பது பரீட்சை செய்யும் இடமல்ல. கேபின் தரையில் பெடல் தண்டு ஓடும் இடத்தில் நீளத் துளை வெட்டி, எல்லாப் பக்கமும் 20 மி.மீ. இடைவெளி விட்டேன். பெடல் தட்டுகளை மட்டும் புதிய தரை உயரத்துக்கு ஏற்ப உயர்த்தி, போல்ட் போட்டு மாற்றினேன். கியர் ராடுக்கும் அதே முறைதான். ஸ்டீயரிங் தண்டைக் கேபினோடு சேர்க்கவே இல்லை. டாஷ்போர்டில் வட்டமாக வெட்டி, தண்டைச் சுற்றி ரப்பர் உறை மட்டும் போட்டேன். சேர்த்திருந்தால் ரப்பரில் தடுத்த அதிர்வெல்லாம் அந்தத் தண்டு வழியாகவே உள்ளே வந்திருக்கும்.

உறைகளுக்கு ஜே.சி. ரோட்டில் கார் கியர் லீவர் பூட் வேண்டிய அளவில் கிடைக்கிறது. பெடல் துளைகளுக்கு நியோப்ரீன் ஷீட்டை வாங்கி, அகார்டியன் மடிப்பாக மடித்து, ஓரத்தில் தகடு வைத்துத் திருகினேன். பழைய டயர் ட்யூப் சும்மா கிடைக்கும்தான், ஆனால் அந்த ரப்பருக்கு ஆயில் ஆகாது, கியர் பாக்ஸ் மேல் போட்டால் ஊதிப்போகும். ஹைட்ராலிக் லீவர் பழைய சீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. அதற்கு ஒரு இணைப்புக் கம்பியை வளைத்து வலது கை எட்டும் இடத்துக்குக் கொண்டுவந்தேன்.

மட்கார்டு கேபினோடு வந்ததுதான். பின் டயரின் பட்டனுக்கும் (மேடான ரப்பர் கட்டைகளுக்கும்) அதற்கும் 50 மி.மீ.யாவது இருக்க வேண்டும், ரப்பர் அமுங்கும்போது உரசக் கூடாது. எனக்கு ஒரு பக்கம் குறைந்தது. ரிம்மைத் திருப்பிப் போட்டு இரண்டு பின் சக்கரங்களையும் வெளியே தள்ளினேன். அதில் இன்னொரு நன்மையும் உண்டு. இரண்டரை டன் வண்டியின் மேல் ஏறக்குறைய 1.7 மீட்டர் உயரத்தில் 360 கிலோ ஏறினால், வண்டியின் ஈர்ப்பு மையம் என் கணக்கில் 11 செ.மீ. மேலே போகிறது. சரிவில் பக்கவாட்டில் சாயும் கோணம் அதற்கேற்பக் குறையும். சக்கர அகலத்தை 1.5 மீட்டரிலிருந்து 1.7 ஆக்கியதும் அந்தக் கோணம் பழைய அளவை ஒட்டி வந்துவிட்டது. காகிதக் கணக்குதான். டிராக்டரின் முன் அச்சு நடுவில் ஊசலாடுவதால் நிஜத்தில் அது இன்னும் சீக்கிரம் சாயும். ஆனாலும் அகலப்படுத்துவதை யாரும் விட்டுவிடக் கூடாது.

இந்த இடத்தில் அழுத்தமாக ஒன்று சொல்ல வேண்டும். கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் இரும்புச் சட்டம் என்பது சோதித்து நிரூபிக்க வேண்டிய விஷயம். 1959-இலேயே ஸ்வீடன் புது டிராக்டர்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. சோதிக்கும்போது கேபினை மட்டும் அல்ல, அந்த வண்டியில் அந்த மவுண்டிங்கோடு சேர்த்துத்தான் சோதிப்பார்கள். அந்தக் கேபினைக் கழற்றி வேறு வண்டியில், நான் வெட்டிய தகடுகளில் நிறுத்திய பிறகு அந்தச் சோதனை முடிவு இதற்குப் பொருந்தாது. மாமாவிடம் நேராகச் சொன்னேன்: "மாமா, இது தூசிக்கும் வெயிலுக்கும் சத்தத்துக்கும் போட்டது. ஏரிக்கரைச் சரிவுல இது காப்பாத்தும்னு நெனச்சு எறக்காதீங்க." அவர் கேட்டுக்கொண்டார். பின் கண்ணாடியைத் திறந்து வெளியே வரும்படி கீலோடு போட்டிருக்கிறேன். கதவு அமுங்கினாலும் ஒரு வழி இருக்க வேண்டும்.

முன் கண்ணாடி ஒன்றுதான் உடைந்திருந்தது. பக்கவாட்டில் வரும் டஃப்பன்ட் கண்ணாடியைப் பதப்படுத்திய பிறகு வெட்டவோ துளைக்கவோ முடியாது, தொட்டால் பொடியாகிவிடும். எனவே அந்த வகை வாங்கினால் ஹார்ட்போர்டில் அச்சு வெட்டி, துளைகள் உட்பட கொடுத்துச் செய்யச் சொல்ல வேண்டும். முன்பக்கத்துக்கு லேமினேட்டட் கண்ணாடியே போட்டேன், கல் பட்டாலும் பார்வை போகாது. எதுவானாலும் ஐ.எஸ். 2553 முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

தூசிக்கு வருவோம். கேபினை அடைத்துவிட்டால் தூசி வராது என்று நினைப்பது பாதிதான் உண்மை. வயலில் ஆடும் ஒரு பெட்டியை முழுக்க அடைக்க முடியாது. உள்ளே காற்றழுத்தம் வெளியைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால், இடுக்குகள் வழியாகக் காற்று வெளியே போகுமே தவிர தூசி உள்ளே வராது. 50 பாஸ்கல் கூடுதல் இருந்தால் நல்லது. அதை அளக்கப் பெரிய கருவி வேண்டாம். ஒரு டிரான்ஸ்பரன்ட் குழாயை ‘யூ’ வடிவில் பலகையில் கட்டி, கலர் தண்ணீர் ஊற்றி, ஒரு முனையைக் கேபினுக்குள்ளும் மறு முனையை வெளியிலும் விட்டால் போதும். 5 மி.மீ. தண்ணீர் உயர வித்தியாசம் என்றால் 50 பாஸ்கல்.

ஆரம்பத்தில் 1 மி.மீ.கூட எழவில்லை. புளோயரை முழு வேகத்தில் வைத்து, ஊதுபத்தியை வெளியே இடுக்குகளை ஒட்டிப் பிடித்துக்கொண்டே போனேன். ஓட்டை உள்ள இடத்தில் புகை சட்டென்று விலகிப் பறக்கும். கதவு ஓர ரப்பரான பீடிங்கில்தான் கோளாறு இருக்கும் என்று எதிர்பார்த்தேன். ஆனால் பெரிய ஓட்டைகள் ஒயர் போகும் துளைகளிலும், தரைத்தட்டு மட்கார்டைச் சந்திக்கும் மூலையிலும் இருந்தன. ராத்திரி விளக்கை உள்ளே போட்டு வெளியிலிருந்து பார்த்தபோது சீட்டுக்குப் பின்னால் ஒரு நீளமான வெளிச்சக் கீற்று தெரிந்தது. அவற்றை அடைத்ததும் 6 மி.மீ. வந்தது. வெளிக் காற்றை எடுக்கும் வாயைக் கூரையின் முன்பக்கத்துக்கு மாற்றினேன். பழைய இடத்தில் ரோட்டவேட்டர் கிளப்பும் தூசியெல்லாம் நேராக ஃபில்டருக்குள்தான் போயிருக்கும்.

ஏசியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேபினோடு வந்த கம்ப்ரஸர் பல கோடு பெல்ட்டுக்கானது, 5911-இன் புல்லி வி-பெல்ட். இரட்டை வி பள்ளம் உள்ள 508 வகைக் கம்ப்ரஸர் ஜே.சி. ரோட்டில் ரீகண்டிஷன் செய்தது கிடைத்தது. பிராக்கெட் செய்து, நேர்ச்சட்டம் வைத்துப் புல்லிகளை ஒரே நேர்கோட்டில் கொண்டுவந்தேன். பழைய டைனமோவால் புளோயர், கண்டென்ஸர் ஃபேன், கம்ப்ரஸர் கிளட்ச் எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்க முடியாது. 65 ஆம்பியர் ஆல்டர்நேட்டர் மாற்றினேன். கேஸ் போடுவதற்கு முன் வேக்கம் இழுக்கும்போது பெங்களூர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. புத்தகத்தில் 29 அங்குலப் பாதரச அளவுக்கு மேல் வர வேண்டும் என்று இருக்கும். அது கடல் மட்டத்துக்கு. நாம் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறோம், இங்கே நல்ல பம்பு வைத்தாலும் கேஜ் முள் 27-ஐ ஒட்டித்தான் நிற்கும். லீக் என்று நினைத்து ஜாயின்ட்டுகளைக் கழற்ற வேண்டாம். பம்பை நிறுத்திய பிறகு முள் அசையாமல் நிற்கிறதா என்பதுதான் சோதனை. நின்றது. ஆர்-134ஏ கேஸை எடை போட்டு ஏற்றினேன்.

சத்தம்: காதருகே முன்பு 96 டெசிபல், இப்போது 84. நண்பர் ஒருவரின் மீட்டரில் ஒரே ஆர்.பி.எம்.மில் அளந்தது. தொழிற்சாலைகளில் 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபல்தான் வரம்பு என்பதை நினைத்தால், இத்தனை வருஷம் இவர் காது என்ன பட்டிருக்கும் என்று மனசு கனக்கிறது. 1,600 ஆர்.பி.எம். பக்கத்தில் மட்டும் கூரைத் தகடு மேளம் போல் அதிர்ந்தது. தார்ப்பசை ஷீட்டை உள்ளே ஒட்டியதும் அடங்கியது. தரையில் ஃபோமும் அதன் மேல் கனமான ரப்பர் மேட்டும் போட்டதில் கியர் பாக்ஸ் சூடும் குறைந்தது.

பதிவு செய்த வண்டியின் அமைப்பை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு பொருந்தும். வண்டியை ரோட்டில் இறக்குவதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துக் கேட்டுவிடுங்கள், இன்சூரன்ஸ்காரர்களுக்கும் தெரியப்படுத்துங்கள். எங்கள் வண்டி இப்போதைக்கு மாமாவின் நிலத்துக்குள்தான் ஓடுகிறது. உயரம் 2.6 மீட்டர் தாண்டிவிட்டதால் ஷெட்டின் முன் சட்டத்தையும், வரப்போர மாமரக் கிளை ஒன்றையும் எடுக்க வேண்டியிருந்தது.

மவுண்டிங் போல்ட்டுகளை முதல் 10 மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு ஒருமுறையும் 50 மணி நேரத்துக்குப் பிறகு ஒருமுறையும் டார்க் ரென்ச்சில் சரிபார்த்தேன். முதல் முறை ரப்பர் உட்கார்ந்து கொஞ்சம் இளகியிருந்தது, இரண்டாம் முறை அசையவில்லை. இதே கேபினில் உட்கார்ந்து மருந்தடிக்கலாமா என்று பக்கத்து நிலத்துக்காரர் கேட்டார். கூடாது என்று சொல்லிவிட்டேன். இதில் இருப்பது தூசி ஃபில்டர், அது பூச்சிமருந்தின் ஆவியைத் தடுக்காது. ஐரோப்பாவின் இ.என். 15695 விதியில் தூசிக்கு 2-ஆம் வகை, மருந்துத் துளிக்கு 3, ஆவிக்கும் சேர்த்து 4 என்று தனித்தனியாகவே பிரித்திருக்கிறார்கள். கார்பன் ஃபில்டர் வைக்கும் பெட்டிக்குக் கூரையில் இடம் அளந்து வைத்திருக்கிறேன். அதைப் போட்டால் காற்றோட்டம் குறையும் என்பதால் புளோயரையும் மாற்ற வேண்டும். ‘யூ’ குழாயில் மறுபடி 5 மி.மீ. வந்த பிறகு எழுதுகிறேன்.